காத்தாயி வீட்டு வாசல் கள்ளி

எங்கள் தெருக் காத்தாயிக்கு எதற்கெடுத்தாலும் தண்ணீர்தான் வைத்தியம். பிள்ளை அழுதால் தண்ணீர், கோழி சுருண்டால் தண்ணீர். நாற்று நட்டே வளர்ந்த கை, சொன்னால் கேட்குமா? அதனால் அதிராம்பட்டினத்தில் நெல் அவிக்கப் போன வீட்டில் ஹபீபுன்னிசா அம்மாள் அந்தக் கள்ளியைக் கொடுத்தபோதே, கூடப் போயிருந்த எனக்குப் பாவமாக இருந்தது. கள்ளியை நினைத்துத்தான்.

எலுமிச்சம்பழ அளவு, உருண்டை, உடம்பெல்லாம் முள். அந்த அம்மாளின் வீட்டுக்காரர் கப்பலில் கொண்டு வந்தது. “பாலைவனத்துச் செடி. ரொம்ப மெதுவாத்தான் வளரும். தண்ணி ஊத்திடாதீங்க” என்று அம்மாள் மூன்று முறை சொன்னார்.

“தண்ணி கேக்காத பயிரும் உண்டா அக்கா?” என்று காத்தாயி வழியெல்லாம் என்னைப் பிடுங்கினாள். வந்ததும் குடிசை வாசலில் நாற்றங்கால் போலச் சேறடித்து, வரப்புக் கட்டி நட்டுவிட்டாள். பத்தே நாளில் அடி அழுகிவிட்டது.

“அடிப்பாவி, கொன்னுட்டியேடி!” என்று கத்தினேன். அழுகலை அரிவாளால் சீவி, நிழலில் காயவைத்து, ஆற்றுமணலை மேடாகக் கொட்டி மறுபடி வைத்தோம். பிழைத்துக்கொண்டது. ஆனால் அடுத்த தையில் பார்த்தாலும் எலுமிச்சை எலுமிச்சையாகவே இருந்தது.

குடிசை நின்றது மிராசுதார் துரைக்கண்ணுவின் மனையில். அவர் வயலுக்குப் போகும்போதெல்லாம் வாசலில் நின்று, “என்ன காத்தாயி, அறுவடை எப்போ? ஆள் அனுப்பட்டுமா?” என்று கேட்டுச் சிரிப்பார். வருடம் பூராவும் இதே பகடிதான். சொல்லாவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

எழுபத்தொன்றில் சட்டம் வந்தது. அன்றைக்கு யார் குடியிருந்தார்களோ, மனை அவர்களுக்கே. மூன்று வருடம் கழித்து விசாரணைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார்.

துரைக்கண்ணு கூசாமல் சொன்னார்: “இவ போன வருஷம்தாங்க வந்தா.”

நான் சாட்சி சொன்னேன். நானும் மனை கேட்டவள், அதனால் செல்லாது என்றார்கள். காத்தாயியிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. மூன்று பிள்ளைகளோடு எங்கே போவாள்? முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கிளம்ப எழுந்த இன்ஸ்பெக்டரின் காலில் முள் குத்தியது. “இது என்னம்மா?”

அவள் வாய் திறக்குமுன் துரைக்கண்ணு முந்திக்கொண்டார். “அதை ஏன் கேக்குறீங்க! இவ பயிர் சார் அது. ஏழு வருஷமா இதே வாசல்ல பாக்குறேன், தேங்காய் அளவைத் தாண்டல. அறுவடைக்கு ஆள் அனுப்புறேன்னாலும் வேணாங்கிறா!” என்று தொந்தி குலுங்கச் சிரித்தார்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மறுபடி உட்கார்ந்தார். “ஏழு வருஷமாவா? யார் நட்டது?”

“இவதான்...” என்ற பிறகுதான் துரைக்கண்ணுவுக்கு உறைத்தது. பேனா அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது.

“நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க?” என்று நான் உரக்கவே சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பட்டா வந்த அன்று காத்தாயி நிறைகுடத்தோடு கள்ளியிடம் போனாள். “ஏய், வேணாம்டி!” என்று ஓடினேன். குடத்தை இறக்கி வைத்தாள். அழுதுகொண்டே அதனிடம் சொன்னாள்:

“இனிமே அவசரமில்லடா தங்கம். மெதுவாவே வளரு. இது நம்ம மனை.”