மீற்றருக்குப் பின்னால் இருந்த கை

இது கட்டின கதையில்லை. நீக்கிலாப்பிள்ளை கராஜ் வைத்திருக்கிற மனுசன். ஆனால் இன்றைக்கும் ஒரு காரின் டாஷ்போட்டுக்குப் பின்னால் கை விடமாட்டார். அந்த வேலைக்கு மட்டும் வேறு ஆளைப் பிடிப்பார். ஏன் என்று கேட்டால் இதைத்தான் சொல்வார்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, உரும்பிராய். பெற்றோலும் இல்லை, கரண்டும் இல்லை. சோமசேகரத்தின் மனைவி செல்வநாயகிக்கு நிறைமாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரியில்தான் பெற வேண்டும் என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டாள். வீட்டில் இருந்த ஒரே வாகனம், சோமசேகரத்தின் தகப்பன் ஒரு தோட்டத்துத் துரையிடம் வாங்கிய பழைய ஸ்போட்ஸ் கார். இரண்டு பேர்தான் இருக்கலாம். ஒரு வருசமாக ஓடவில்லை. மீற்றர்கள் இருந்த இடம் பெரிய ஓட்டையாகக் கிடந்தது. திருத்தவென்று முன்பு கழற்றின மீற்றர்ப் பலகை, பழைய சாரத்துணி ஒன்றில் சுற்றியபடி சீற்றில் இருந்தது.

"மண்ணெண்ணெயில ஓட்டலாம்," என்றார் நீக்கிலாப்பிள்ளை. "ஆனா மீற்றரைப் பூட்டாமல் ஏலாது. எண்ணெய்க் குழாய் அதுக்குப் பின்னாலதான் வருது. அது திறந்து கிடந்தால் எஞ்சின் எண்ணெய் முழுக்க வெளியில சீறிப்போடும்."

"கெதியா முடியுமோ அண்ணை? அவவுக்குப் பிள்ளை நோ தொடங்கிட்டுது," என்றார் சோமசேகரம்.

நல்ல வெயில் மத்தியானம். சோமசேகரம் றேடியேற்றருக்குத் தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போனார். நீக்கிலாப்பிள்ளை மீற்றர்ப் பலகையை ஓட்டையில் பொருத்தினார். பிறகு சீற்றைக் கழற்றி வைத்துவிட்டு, மல்லாக்கப் படுத்து, டாஷ்போட்டுக்குப் பின்னால் கையை விட்டார். நட்டுகளைப் பின்பக்கமிருந்துதான் இறுக்க வேண்டும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தடவித்தான் செய்யலாம்.

முதல் நட்டைப் பூட்டினார். இரண்டாவது நட்டு விரலிலிருந்து வழுக்கியது. விழுந்த சத்தம் கேட்கவில்லை...

விரலால் துழாவினார். நட்டு அவருடைய உள்ளங்கைக்கு வந்தது. யாரோ வைத்ததுபோல.

"தம்பி, கையை எடும். நான் பூட்டுறன்."

சோமசேகரம் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தார்.

கிறீச்... கிறீச்... தூரத்தில் கிணற்றுக் கப்பி சுற்றியது. சோமசேகரம் இன்னும் அங்கேதான் நின்றார்.

அப்போது காதுக்குக் கிட்ட இன்னொரு சத்தம். கிற்... கிற்... எண்ணெய்க் குழாயின் நட்டை யாரோ இறுக்கினார்கள்.

கையை நீட்டினார்.

ஒரு கை.

காய்ச்சல்காரரின் கைபோலக் கொதித்தது. வெறும் எலும்பு. பயத்தில் அவருடைய விரல்கள் அதை இறுக்கிக்கொண்டன. விட முடியவில்லை.

அது இழுத்தது.

இவரும் இழுத்தார்.

பிறகு... கைக்குள் ஒன்றும் இல்லை.

வெளியே உருண்டு வந்து, முன்மூடியைத் திறந்து பார்த்தார். டாஷ்போட்டுக்குப் பின்னால் இரும்புத் தகடு. அதற்கு அங்கால் எஞ்சின். ஒரு குழந்தையின் கை நுழையக்கூட வழியில்லை. ஆனால் எல்லா நட்டும் இறுகியிருந்தது. எண்ணெய்க் குழாயும்.

சோமசேகரம் தண்ணீரோடு வந்ததும் சீற்றைத் திரும்பப் பூட்டினார். காரைத் தள்ளினார்கள். எஞ்சின் பிடித்தது. ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகவில்லை. அன்று பொழுதுபடச் செல்வநாயகி பெண்பிள்ளை பெற்றாள். இரண்டு உயிரும் தப்பின.

இரண்டு வருசத்துக்குப் பிறகு சோமசேகரம் கொழும்புக்குப் போகிற வழியில் புத்தளம் அகதி முகாமுக்குப் போனார். அந்த மீற்றரை முதலில் கழற்றின மெக்கானிக் யாக்கூப்பைத் தேடித்தான். தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனம் முழுவதையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, வேலையை அரைகுறையில் விட்டுப் போனவர். கார் ஓடுகிறது என்று சொன்னால் சந்தோசப்படுவார் என்று நினைத்தார்.

யாக்கூப் உயிரோடு இல்லை. காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார். மனைவி ஸபூரா சொன்ன தேதி, சோமசேகரத்தின் மகள் பிறந்த தேதி.

நீக்கிலாப்பிள்ளை அதுவரை நடந்ததை ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. ஸபூரா சொன்னதைச் சோமசேகரம் பாவப்பட்டுத்தான் அவரிடம் வந்து சொன்னார்.

"மௌத்தான அண்டைக்கு மத்தியானம் முழுக்கக் கையைத் தூக்கி என்னத்தையோ திருகிக்கொண்டே கிடந்தார். பிறகு பயந்து கத்தினார். ஆரோ என்ரை கையைப் பிடிச்சு இழுக்கினம், விடச் சொல்லு எண்டு. கொட்டிலுக்குள்ள நானும் அவரும்தான். மணிக்கட்டில ஐஞ்சு விரல் அடையாளம், எஞ்சின் எண்ணெய்க் கறுப்பிலை. மையித்தைக் குளிப்பாட்டேக்கையும் அது போகேல்லை."