சித்தி பிள்ளையின் எடை

எதைப் பார்த்தாலும் அது எவ்வளவு எடை இருக்கும் என்று கேட்கும் வியாதி சிறுவயதில் எனக்கு இருந்தது. பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டை ஒட்டி அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. தராசைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு அந்த வியாதி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பூசணிக்காய், பள்ளிக்கூடப் பை, அம்மாவின் செருப்பு என்று எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்திருக்கிறேன். பூனை மட்டும் ஒத்துழைக்கவில்லை.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது சித்தி பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்குப் பெற்றவர்கள் இல்லை. அக்கா வீடுதான் தாய்வீடு. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சீட்டில் எடை எழுதிக் கொடுத்திருந்தார்கள்: இரண்டு கிலோ எழுநூறு. பார்க்க வந்தவர்கள் எல்லாம் பிள்ளையின் நிறத்தையும் மூக்கையும் பேசினார்கள். எடையைச் சொல்லிக்கொண்டு திரிந்தது நான் ஒருத்திதான்.

அம்மா தங்கையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அதாவது, பத்தியம் என்ற பெயரில் பூண்டுக் குழம்பும் கொஞ்சம் சோறும் தவிர எதையும் அவள் கண்ணில் காட்டவில்லை. தண்ணீர் கேட்டால் அரை டம்ளர். கூடக் குடித்தால் வயிறு பெருத்துவிடுமாம், பிள்ளைக்குச் சளி பிடிக்குமாம். பிள்ளைக்கு அவ்வப்போது சங்கில் சீனித் தண்ணீர் புகட்டினாள். அது குடித்துவிட்டுத் தூங்கும். எந்நேரமும் தூங்கும்.

“என்ன சமத்து பாருங்க, அழுகைச் சத்தமே கேக்க மாட்டேங்குது” என்று வந்தவர்களிடம் அம்மா பெருமைப்பட்டாள்.

பத்தாம் நாள் பஸ்ஸில் நர்ஸம்மா வந்தார். பையிலிருந்து கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசு ஒன்றை எடுத்ததும் நான் கிட்டப் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மாவோ குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“பச்சப் பிள்ளைய எடை போடக் கூடாதுங்க. கண்ணு பட்டுத் தேஞ்சு போயிரும்.”

“சரி, ஒரு நாளைக்கு எத்தன துணி நனைக்குது? அதயாச்சும் சொல்லுங்க.”

“அத யாரு எண்ணிக்கிட்டு இருக்கா? நல்லாத்தான் இருக்கு.”

சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வாரமும் வருவதாகச் சொல்லி நர்ஸம்மா கிளம்பினார். அந்த வாரம் அவர் வரவில்லை.

எடை போட்டால் தேய்ந்து போகும் என்பது என்னைப் பிடித்துக்கொண்டது. அப்படியானால் நாள் முழுக்க நிறுக்கும் அப்பாவின் கடையில் ஒன்றுமே மிஞ்சியிருக்கக் கூடாதே. ஒரு கருப்பட்டியை எடுத்து மூன்று தடவை நிறுத்துப் பார்த்தேன். இரண்டு தடவை எடை மாறவில்லை. மூன்றாம் தடவை கொஞ்சம் குறைந்தது. அதற்குக் காரணம் தராசு இல்லை, என் வாய்.

குழந்தை பிறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அன்று மத்தியானம் அப்பா சரக்கு எடுக்க டவுனுக்குப் போயிருந்தார். கடை பாதி சாத்தியிருந்தது. அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சித்தி அசந்து தூங்கினாள். குழந்தையைத் துணியோடு தூக்கி வந்து, மிளகாய் வத்தல் நிறுக்கும் பெரிய தராசின் அகலத் தட்டில் கிடத்தினேன். அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. இரண்டு கிலோ கல்லை வைத்தேன், அரைக் கிலோவையும் வைத்தேன். கல் இருந்த தட்டு கீழே போனது. அரைக் கிலோவை எடுத்துவிட்டு இருநூறு கிராம் கல் இரண்டைப் போட்டேன். முள் நடுவில் நின்றது.

வாசலில் நிழல் தட்டியது. அப்பா, தோளில் மூட்டையோடு.

அடி விழப் போகிறது என்று தெரிந்தும், என் வாய் சும்மா இருக்கவில்லை. “அப்பா, முந்நூறு கொறையுதுப்பா.”

மூட்டையை அப்படியே இறக்கிவிட்டு வந்தார். “சரியாப் பாத்தியா?” என்று மட்டும் கேட்டார். குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டு வெறும் தராசு சமமாக நிற்கிறதா என்று பார்த்தார். அதே மாதிரித் துணி ஒன்றைக் கல் தட்டில் போட்டார். குழந்தையைத் தானே கிடத்தி மறுபடி நிறுத்தார். துணி கழிந்ததில் இன்னும் கொஞ்சம் குறைந்தது.

அதற்குள் ஈரக் கையோடு ஓடி வந்த அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். “பாவி, பிள்ளையத் தட்டுல போட்டாளே!”

“அவள அடிக்காத” என்றார் அப்பா. “பதினெட்டு நாளு பால் குடிச்ச பிள்ள, பொறந்தப்ப இருந்ததவிடக் கொறஞ்சா இருக்கும்? கெளம்புங்க.”

அடுத்த பஸ்ஸில் நான்கு பேரும் அருப்புக்கோட்டைக்குப் போனோம். வழி நெடுகச் சித்தி குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா குழந்தையைச் சோதித்துவிட்டுச் சித்தியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். சித்தி அப்போதுதான் வாய் திறந்தாள். “தூங்குற பிள்ளைய எழுப்பக் கூடாதுன்னாங்க. எனக்குத் தொண்ட வறண்டு போகுது, பாலும் பத்தலையோன்னு பயமா இருந்துச்சு. யாருகிட்டச் சொல்ல?”

அம்மாவின் முகம் செத்துவிட்டது. “எங்கம்மா எனக்குப் பண்ணதத்தான் நானும் பண்ணேன்” என்றாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. “அழாத பிள்ள எல்லாம் வயிறு நெறஞ்ச பிள்ள இல்லம்மா. சில பிள்ளைங்க பசியில தெம்பில்லாமலும் தூங்கும். சீனித்தண்ணி ஒரு சொட்டுக் கூடாது. அதுல வயிறு ரொம்பினா பால் குடிக்காது. குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். ரெண்டு ரெண்டரை மணிக்கு ஒரு தடவ உள்ளங்காலத் தேச்சு எழுப்பிக் குடுங்க. தாய்க்குத் தாகம் எடுக்குறப்பல்லாம் தண்ணி, பருப்பு, கீரை, முட்டை எல்லாம் குடுங்க. ஒரு நாளைக்கு ஆறு துணியாச்சும் நனையணும்” என்றார்.

இரண்டு நாள் அங்கேயே வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். வீட்டில் சட்டம் மாறியது. அம்மா செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து சித்தியின் பக்கத்தில் வைத்தாள். கொடியில் காயும் துணியை எண்ணும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். உள்ளங்காலைத் தேய்க்கும் வேலையும் பகலில் என்னுடையது. கட்டைவிரலால் தேய்த்தால் முதலில் முகத்தைச் சுளிக்கும், பிறகு வீல் என்று கத்தும். அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டில் எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. நான் கத்தினால் மட்டும் அதட்டினார்கள்.

நாற்பதாம் நாளை ஒட்டி நர்ஸம்மா வந்தார். இந்தத் தடவை அம்மாவே குழந்தையைத் துணித் தொட்டிலில் வைத்துக் கொக்கியில் மாட்டினாள். குழந்தை காலை உதைத்ததில் முள் ஆடிக்கொண்டே இருந்தது.

“மூணு கிலோ நூறு” என்றார் நர்ஸம்மா.

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அவளைவிட அதிகமாக அழுதாள். கடையிலிருந்து எட்டிப் பார்த்த அப்பா, கண்ணில் மிளகாய் நெடி பட்டதுபோல் துண்டால் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. இவர்கள் இன்னும் அதிகமாக எதிர்பார்த்திருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். சித்தியின் தோளைத் தட்டி, “அழாத சித்தி, அடுத்த வாட்டி இன்னும் கூடும்” என்று ஆறுதல் சொன்னேன்.