மயில், மல்லாட்டை, பாஸ்வேர்டு

மயில் அழகு என்று சொல்கிறவர்கள் யாரும் மல்லாட்டை விதைத்தவர்களாக இருக்க முடியாது.

மல்லாட்டை என்றால் உங்கள் ஊர் வேர்க்கடலைதான். எங்கள் திண்டிவனம் பக்கம் வந்து வேர்க்கடலை என்று கேட்டுப் பாருங்கள்… வெளியூரா என்று திருப்பிக் கேட்பார்கள்.

போன அமாவாசைக்கு மேல்மலையனூர் போயிருந்தேன். கூட்டத்தில் நசுங்கி, அம்மனை ஒரு கணம் பார்த்துவிட்டு, விடியற்காலை பஸ்ஸில் வல்லம் பக்கம் அண்ணன் வீட்டில் வந்து இறங்கினேன். அண்ணி வீட்டில் இல்லை. மல்லாட்டை விதைத்த கொல்லையில் இருந்தார். மார்கழிப் பனிக்குத் தலையில் துண்டு, ஒரு கையில் எவர்சில்வர் தட்டு, இன்னொரு கையில் கரண்டி. டங் டங் என்று தட்டிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு கும்பல் மயில். கொஞ்ச நேரம் மரியாதையாக நின்று கேட்டன. பிறகு குனிந்து விதையைக் கிளறித் தின்ன ஆரம்பித்தன.

"பெட்டி என்னாச்சு அண்ணி?" என்றேன்.

"அது தூங்கிக்கினு இருக்குது. அதுக்கும் சேத்து நான் முழிச்சிக்கினு இருக்கறேன்."

பெட்டி என்பது போன வருஷம் வரப்போரம் நட்ட ஒரு கம்பம். அதில் ஒரு கேமரா, டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்பீக்கர், தலைக்கு மேல் ஒரு சோலார் தகடு. மயிலைப் பார்த்தால் ஸ்பீக்கர் கத்தும். முதலில் பட்டாசுச் சத்தம் வைத்தார்கள். மயில்கள் இரண்டே நாளில் பழகிவிட்டன. அப்புறம் அண்ணியின் குரலையே பதிவு செய்து வைத்தார்கள் — "ஏய்… போ அந்தாண்ட!" அதற்கு மட்டும் இன்றுவரை எந்த மயிலும் பழகவில்லை. என் அண்ணனும்தான்.

இதற்குப் பெயர் எட்ஜ் கம்ப்யூட்டிங் என்று என் மகள் அபி சொன்னாள். சென்னையில் வெப்சைட்களைக் காவல் காக்கிற வேலை அவளுக்கு. படத்தை எங்கேயோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டருக்கு அனுப்பி, "ஐயா, இது மயிலா?" என்று கேட்டுப் பதில் வாங்குவதற்குள் மயில் சாப்பிட்டு ஏப்பமே விட்டுவிடும். இது அங்கேயே பார்த்து, அங்கேயே யோசித்து, அங்கேயே கத்தும். அந்தப் பெரிய கம்ப்யூட்டர்களோ ஊர்க் கரண்ட்டையும் தண்ணீரையும் குடிக்கின்றனவாம். இதற்குக் கொஞ்சம் வெயில் போதும். எட்ஜ் என்றால் ஓரம்… வரப்போரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

அப்படிப்பட்ட பெட்டிதான் இப்போது விடிகிற நேரத்தில், சரியாக மயில் வரும்போது, படுத்துவிடுகிறது. வெயில் ஏறிய பிறகு எழுந்து காலிக் கொல்லையைக் கண்ணும் கருத்துமாகக் காவல் காக்கிறது. பனி மூட்டம், சோலார் சரியாக ஏறவில்லை என்றார் அண்ணன். பேட்டரி போச்சு என்றார் பக்கத்துக் கொல்லைக்காரர்.

அண்ணிக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் இல்லை, பயம்தான். இருந்த விதையெல்லாம் மண்ணுக்குள். முளைத்து நிற்கும்வரை காப்பாற்றினால் பயிர். இல்லையென்றால் மறுபடி விதைக்க விதையும் இல்லை, மார்கழிப் பட்டமும் தாண்டிவிடும். முட்டி வலியோடு பனியில் நின்றவர் பக்கத்தில் நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

வெயில் ஏறிப் பெட்டி எழுந்ததும் அதன் நிழல் பக்கத்தில் கை வைத்தேன். சுட்டது. மயில்கள் எப்போதோ போய்விட்டன. வேலையே இல்லாத பெட்டிக்கு ஏன் இத்தனை சூடு? அபிக்குப் போன் போட்டு, அண்ணிக்கும் கேட்கும்படி வைத்தேன். அவள் சென்னையிலிருந்தபடியே பெட்டிக்குள் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அத்தை, எவனோ உள்ள பூந்து ராத்திரி பூரா அவன் வேலைய வாங்கிட்டு இருக்கான். பேட்டரி காலியாகாம என்ன செய்யும்?"

ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவன். தன் கணக்கு வழக்கை அடுத்தவர் கம்ப்யூட்டரில் போட, ஊருலகத்தில் பூட்டாத பெட்டியாகத் தேடுகிறான்… அவனுக்குக் கரண்ட் பில் மிச்சம். அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார்.

"மயிலு திங்கறது பத்தாதுன்னு, மூஞ்சி தெரியாதவன் நம்ம வெயில வேற திங்கறானா?"

எப்படி உள்ளே வந்தான்? கதவு வழியாகத்தான். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டு 1234. மாற்றச் சொல்லித்தான் கொடுத்தார்கள். மாற்றினால் வீட்டில் இருப்பவர்கள் மறந்துவிடுவார்களே என்று அண்ணி அப்படியே விட்டுவிட்டார். அவர் வீட்டுச் சாவியும் வாசல் நிலைக்கு மேல்தான் இருக்கும். தெருவுக்கே தெரியும். ஒரு நாள் ஒரு டம்ளர் காணாமல் போனதில்லை.

"தெருவுக்குத் தெரிஞ்சா காவல் அத்தை. இந்தக் கதவு உலகத்தப் பாத்து இருக்கே" என்றாள் அபி.

அவள் பெட்டியைத் துடைத்துப் புதிதாக்கினாள். யோசிக்க நெட் தேவைப்படாத பெட்டிக்கு எந்நேரமும் நெட் எதற்கு என்று அதையும் அடைத்தாள். கடைசியில் பாஸ்வேர்டு. கல்யாண நாள் வேண்டாம், பிள்ளைகள் பெயர் வேண்டாம், மாமா பெயர் வேண்டவே வேண்டாம். யாருக்குமே தெரியாத ஒன்றாக வையுங்கள் என்றாள். அண்ணி என் போனை வாங்கிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, வெகுநேரம் யோசித்து, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினார். அப்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு.

மறுநாள் விடியலில் நாங்கள் மூவரும் அடுப்பருகே காபி குடித்துக்கொண்டிருந்தபோது, கொல்லையிலிருந்து கேட்டது — "ஏய்… போ அந்தாண்ட!" அண்ணி டம்ளரைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. அப்புறம், "நான் இப்படியா கத்தறேன்?" என்று கேட்டார்.

"கொஞ்சம் கொறச்சலாத்தான் கத்துது" என்றார் அண்ணன்.

நேற்று போன் வந்தது. மல்லாட்டை இடைவெளி அதிகம் இல்லாமல் முளைத்துவிட்டதாம். அண்ணியின் குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி. எனக்கும் மனசு நிறைந்தது. அப்புறம் அண்ணன் போனை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, மெதுவாகக் கேட்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் தனக்குத் தெரியாத அந்த விஷயம் என்னவாக இருக்கும்… உன்னிடம் ஏதாவது சொன்னாளா?

நான் அண்ணியிடம் கேட்காமல் இருந்திருப்பேனா? அன்றைக்கே கேட்டேன்.

"சொன்னா மாத்தணுமே. எனக்கின்னு இருக்கற ரகசியமே அது ஒண்ணுதான்" என்றுவிட்டார்.

அதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது? "உம் பேரத்தாண்ணா வெச்சிருக்காங்களாம்" என்று சொல்லிவிட்டேன். மனிதர் அப்படியே குளிர்ந்துபோய்விட்டார். சிரித்தார், அண்ணிக்குக் காபி போடப் போகிறேன் என்று போனை வைத்தார்.

தவறான பாஸ்வேர்டுதான். ஆனாலும் திறந்துவிட்டது!