என் குறைப்பட்டியலோடு போனவன்

நானும் அவனும் சேர்ந்து ஒரு கணினி மொழி செய்தோம் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. அவன் செய்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் நடந்ததை நடந்தபடி ஒருவராவது எழுதி வைக்க வேண்டும். அது நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

தஞ்சாவூரில் பொறியியல் படித்தபோது ஒரே வகுப்பு. அவன் குத்தாலம் பக்கம் நெல் விவசாயம் செய்யும் வீட்டுப் பிள்ளை. நான் லுத்தரன் பள்ளிக்கூடத்து வாத்தியார் மகள். படிப்பு முடிந்ததும் வகுப்பில் பாதிப் பேர் பெங்களூருக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போனார்கள். அவனும் போனான். நான் மயிலாடுதுறையில் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியை ஆனேன். அன்றிலிருந்து அவனுக்கு நான் டீச்சர். கிண்டல்தான், ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.

ஆங்கிலம் சரியாக வராத பிள்ளைகள் என் வகுப்பில் கணினிப் பக்கமே வர மாட்டார்கள். கட்டளைகளைத் தமிழிலேயே எழுதும்படி ஒரு மொழி செய்தால் என்ன என்று ஒருநாள் அவனிடம் தொலைபேசியில் கேட்டேன். அப்படித்தான் ஆரம்பித்தது. உள்ளே ஓடும் இயந்திர வேலையை அவன் பார்த்துக்கொண்டான். கட்டளைச் சொற்கள், பாடங்கள், பிழை திருத்தம் எல்லாம் நான். ‘திரும்பச் செய்’ என்ற கட்டளையை வாய்க்காலில் முறைத் தண்ணீர் விடுவதை வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். இந்த வயலுக்கு இத்தனை மணி நேரம், முடிந்ததும் அடுத்த வயல், கடைமடை வரைக்கும். பிள்ளைகள் ஒரே வகுப்பில் பிடித்துக்கொண்டார்கள்.

யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று உரிமம் எழுதி இணையத்தில் போட்டோம். அந்த வரியை எழுதிய புண்ணியவதியும் நான்தான்.

அவனுக்கு அங்கே வேலை கூடியது. மடல் குறைந்தது. ஆறு வருடம் நான் ஒருத்தியே அந்த மொழியைப் பார்த்துக்கொண்டேன். மோடம் கீச்சிட்டுக் கீச்சிட்டு இணைப்புக் கிடைப்பதற்குள் உலையே கொதித்துவிடும். ஆனாலும் விடவில்லை. டெல்டாப் பள்ளிகளின் கணினி ஆசிரியர்கள் ஒன்றுகூடி, தமிழில் நிரல் சொல்லித்தர ஒரு மொழியை எல்லா ஆய்வகங்களிலும் வைக்கப்போகிறோம் என்று அறிவித்திருந்தார்கள். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். கோடியக்கரையிலிருந்து குத்தாலம் வரை பிள்ளைகள் முதன்முதலில் எழுதும் நிரல் எங்கள் மொழியில் இருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் அவன் விடுமுறைக்கு வந்தான். எங்கள் வீட்டுக்கும் வந்தான். அம்மா வைத்த மீன் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

“நம்ம மொழி எப்படிப் போவுது டீச்சர்? என்னென்ன குறை இருக்கு, ஒண்ணு விடாம சொல்லு” என்றான்.

எனக்கு வாயெல்லாம் பல். இத்தனை வருடம் கழித்துக் கேட்கிறானே என்று என் நோட்டை எடுத்துவந்து வரிசையாகப் படித்தேன். மொத்தம் பதினொன்று. அவன் மடிக்கணினியில் தட்டிக்கொண்டே வந்தான். கடைசிக் குறை, நிரலுக்குக் கொடுக்கும் பட்டியல் பெரிதாகிவிட்டால் மொழி அப்படியே நின்றுபோவது.

“இது மட்டும் எனக்குப் பிடிபடலப்பா. மூணு மாசமா முட்டிக்கிறேன், என் மண்டைக்கு ஏறல” என்று சிரித்தேன். அவனும் சிரித்தான். அதையும் தட்டிக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்து, எங்கள் மொழியைப் பயன்படுத்துகிறவர்கள் மின்னஞ்சலில் பேசிக்கொள்ளும் மடற்குழுவில் அவனுடைய அறிவிப்பு வந்தது. எங்கள் நிரல் முழுவதையும் நகல் எடுத்து, வேறு பெயர் வைத்து, தனி மொழியாக வெளியிட்டிருந்தான். கணினிக்காரர்கள் இதை ஃபோர்க் என்பார்கள். ஏன் பிரிகிறோம் என்பதற்குக் காரணங்கள் பதினொன்று. என் நோட்டில் இருந்த அதே வரிசை. பதினோராவது இப்படி இருந்தது: ‘இதைச் சரிசெய்யும் திறமை தமக்கு இல்லை என்று இப்போதைய பொறுப்பாளரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.’

அடப்பாவி என்று வாய்விட்டுச் சொன்னேன். உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறானா இவன்? அவன் நிரலின் வரலாற்றைத் திறந்து பார்த்தேன். எந்த மாற்றம் என்றைக்குச் செய்தது என்று அதில் தேதியோடு இருக்கும். நகல் எடுத்தது, எங்கள் வீட்டுக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்னால். யோசனை கேட்க வந்தான் என்று நான்தான் நினைத்திருக்கிறேன். உடனே கூப்பிட்டேன்.

“இதுல என்ன தப்பு? யார் வேணும்னாலும் எடுக்கலாம்னு நீதானே எழுதுன?” என்றான்.

எழுதினேன்தான். தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அதன்பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போனார்கள். அவன் மொழியை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்று அவன் இணையதளத்தில் ஓர் எண் ஓடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காலையில் காபி குடிப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். எங்கள் மடற்குழுவில் கேள்வி கேட்கவும் ஆளில்லாமல் போயிற்று. ‘தப்பா நினைச்சுக்காதீங்க மேடம், அது கொஞ்சம் வேகமா ஓடுது’ என்று ஒரு நல்ல மனிதர் எழுதிவிட்டுப் போனார். மற்றவர்கள் அதுவும் எழுதவில்லை.

ஆசிரியர்கள் கூட்டம் தஞ்சாவூரில் நடந்தது. இரண்டு மொழிகளையும் அருகருகே ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு பள்ளியின் மதிப்பெண் பட்டியல் முழுவதையும் கொடுத்துத் தரவரிசை போடச் சொன்னார்கள். என்னுடையது பாதியில் நின்றது. அந்தப் பதினோராவது குறைதான். அவனுடையது நான் கண் இமைப்பதற்குள் முடித்துக் காட்டியது. அவன் சரிசெய்திருந்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மோசமாகச் செய்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருப்பேன்.

கூட்டத்துக்குத் தலைமை வகித்த ஆசிரியர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “ஆரம்பிச்சது நீங்க. நீங்க என்னங்க சொல்றீங்க?”

முதல் வரிசையில் இருந்த எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பாதியில் நிற்கும் ஒன்றை எந்த வாயால் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்பேன்? அவனுடைய மொழிக்குச் சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன். பக்கத்தில் இருந்த ஆசிரியை அம்மாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

பேருந்தை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவன் கூப்பிட்டான். யாரோ அதற்குள் சொல்லியிருக்கிறார்கள்.

“நீயே கை தூக்குனியாமே டீச்சர். பெரிய மனசு உனக்கு.”

“உனக்காகத் தூக்கல. பிள்ளைங்களுக்காகத் தூக்குனேன்.”

அதோடு வைத்திருக்கலாம். இத்தனை மாதம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா எல்லாத்தையும் உன் கையில குடுத்திருப்பேனே. ஏன் கேக்கல?”



“நீ குடுப்பேன்னு தெரியும்” என்றான். “கேட்டிருந்தா உன்னையும் சேத்துக்கணுமே.”