பார்த்தவன் எழுதாத சொல்

மோகனூரில் நான் பதினேழு வருஷம் தபால் கொடுத்தேன். அந்த ஊரில் எனக்குப் பிடிக்காத வீடு ஒன்று இருந்ததென்றால் அது குமாரசாமி வீடுதான். கடிதத்தைக் கொடுத்தால் பிரித்துப் படிக்கிற வழக்கம் அந்த மனுஷரிடம் கிடையாது. உறையை வெயிலுக்கு நேரே பிடிப்பார். முத்திரையைப் பார்ப்பார். விலாசத்தில் மை எங்கே கட்டியாக நிற்கிறது என்று விரலால் தடவுவார். "சேலத்துல இருந்து நம்ம ராசு எழுதியிருக்கலாமுங்க. ரயிலுக்குப் போற அவசரத்துல எழுதியிருக்கலாம். சம்சாரத்துக்கு ஒடம்புக்கு ஆகாம இருக்கலாம்" என்று இழுத்துக்கொண்டே போவார். நான் தோளில் பையோடு வெயிலில் நிற்பேன். பிரித்தால் தெரிந்துவிடப் போகிறது, அதற்குள் எதற்கு இத்தனை 'லாம்' என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்துக்கு எட்டு அவர் சொன்னபடிதான் இருக்கும்.

அவர் ராசிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். சேலத்தில் ஒரு நூல் கடையில் இருந்துகொண்டு மதராஸ் ஏஜெண்டுகளுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதிப் பழகியவர். பிறகு அண்ணி கந்தம்மாளின் ஊர் என்று மோகனூருக்கு வந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணியும் அவள் தாயும் அடுத்த வீட்டில் இருந்தார்கள். நடுவில் ஒரு சுவர்தான். ஊரில் யாருக்கு இங்கிலீஷ் காகிதம் வந்தாலும் அவரிடம்தான் கொண்டுபோவார்கள். காகிதம் வராத நாளில் காவிரியைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

ஒரு பங்குனி மாதத்துப் பகல். ஆறு மெலிந்து, மணலுக்கு நடுவே ஒரு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. கானல் எழும்பி எதிர்க்கரை வாங்கல் தரையிலும் இல்லாமல் வானத்திலும் இல்லாமல் மிதந்தது. நடுவில் ஒரு பரிசல், அதில் நாலு பேர்.

"பொண்ணு பாத்துட்டு வாராங்க போலிருக்குதுங்க" என்றார் குமாரசாமி. "நல்ல வேட்டி கட்டியிருக்காங்க. தட்டுத் தாம்பாளம் இல்லை. ஒருத்தரோட ஒருத்தர் பேசலை. பொண்ணு புடிக்காம இருந்திருக்கலாம்."

"கணக்குப் போட்டுப் பாக்கறதே உங்களுக்குப் பொழப்பாப் போச்சுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "இங்கிலீஷ்காரன் ஊகத்துக்குப் படி கட்டி வெச்சிருக்கானுங்க. கீழ்ப்படி மைட். இருந்தாலும் இருக்கும். அதுக்கு மேல மே, இருக்கலாம். உச்சிப்படி மஸ்ட், இருந்தே தீரோணும். அந்தப் பக்கம் காண்ட், இருக்கவே முடியாது. எந்தப் படியில நிக்கறோம்னு தெரிஞ்சு பேசினா யாருக்கும் கெடுதல் இல்லீங்க."

"நீங்க மட்டும் உச்சிப்படி ஏறிப் பாத்ததே இல்லீங்களே?"

பரிசல் கரை தட்டியது. இறங்கியவர்களில் ஒருவன் எனக்குத் தெரிந்தவன். பெண் பார்க்கத்தான் போயிருந்தார்கள், பெண் பிடிக்கவில்லை. எனக்கு இன்னும் எரிச்சல் அதிகமாயிற்று.

அவர் ஏன் அந்தப் படியில் ஏறவில்லை என்பது ஊருக்கே தெரியும், நான் வெளியூர்க்காரன் என்பதால் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். அவருடைய அண்ணன் கைலாசம் 1927இல் பினாங்குத் தோட்டத்துக்குப் போனவர். ஆறு மாதத்தில் தோட்டத்துக் கிளார்க்கிடமிருந்து கடிதம் வந்தது. காய்ச்சல் பரவியது, கைலாசத்தைக் காணவில்லை, இறந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. குமாரசாமிக்கு அப்போது இருபத்தைந்து வயது. வீடு நிறையச் சொந்தக்காரர்கள் அழுதுகொண்டு நிற்க, "அண்ணன் செத்துப் போயிட்டாருங்க" என்று படித்துச் சொல்லிவிட்டார். தர்ப்பைப் புல்லில் ஆள் செய்து அவரே கொள்ளி வைத்தார். கந்தம்மாளுக்குத் தாலி கழற்றி வெள்ளைச் சேலை கொடுத்தார்கள்.

இரண்டாம் மாதம் கைலாசம் வந்து வாசலில் நின்றார்.

காரியம் முடிந்த மனுஷன் முன்வாசல் வழியாக வரக்கூடாது, மறுபடி பிறந்ததாகச் சடங்கு செய்து, தொட்டிலில் போட்டுப் பேர் வைத்து, பெண்டாட்டிக்கு மறுபடி தாலி கட்டி, அப்புறம்தான் உள்ளே விட வேண்டும் என்று பெரியவர்கள் நாள் பார்க்கப் போனார்கள். கைலாசம் முதலில் சிரித்தாராம். பிறகு வெள்ளைச் சேலையில் மனைவியைப் பார்த்தார். அன்று சாயங்காலம் ரயிலடிப் பக்கம் நடந்தவர் திரும்பவே இல்லை. கந்தம்மாளைச் சுமங்கலி என்பதா, விதவை என்பதா என்று சொல்ல ஊரில் யாருக்கும் வாய் வரவில்லை. வெள்ளைச் சேலையோடு பதினாறு வருஷம் அந்தச் சுவருக்கு அப்பால் இருந்தாள். அதுவரை என் காதால் அவள் குரலைக் கேட்டதில்லை.

1943 ஆனி மாதம் பட்டாள ஆபீஸிலிருந்து ஒரு கடிதமும் சின்னப் பொட்டலமும் வந்தன. தோட்டக்காட்டு மாதையன் வீட்டுக்கு. அவர் மகன் சென்னிமலை லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போயிருந்தான். ஒரு வருஷத்துக்கு மேல் தகவல் இல்லை. கடிதத்தைக் கொடுத்துவிட்டு நான் போயிருக்கலாம். மாதையன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவரும் நானும் மருமகள் சௌந்திரமும் குமாரசாமி வீட்டுக்குப் போனோம்.

அவர் அன்றைக்கு உறையை வெயிலில் பிடிக்கவில்லை. நேராகப் பிரித்து மூன்று முறை படித்தார்.

"லாரி ஆத்தோரமா எரிஞ்சு கெடந்துதாம். ஆளைக் காணோமாம். அதனால எறந்திருக்கோணும்னு போட்டிருக்குதுங்க. இந்தச் சாமானை இவரு கூட்டாளி ஒருத்தர், மலையேறி நடந்து வந்தவரு, விலாசத்தோட வெச்சிருந்தாராம். அவரு ஆஸ்பத்திரியில பேச்சு மூச்சில்லாமலே போயிட்டாராம்."

சௌந்திரத்துக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். தாலிக்கயிற்றைக் கைக்குள் மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

"எறந்துட்டாருன்னு போட்டிருக்குதுங்களா?"

"இல்ல அம்மிணி. எறந்திருக்கோணும்னுதான் போட்டிருக்குது. பாத்தவன் இந்தச் சொல்லை எழுத மாட்டான். பாத்தவன் எறந்துட்டான்னு எழுதிட்டுப் போயிருவான். இது பாக்காதவன் அடிச்சுச் சொல்றது."

மாதையன் பொட்டலத்தைப் பிரித்து உள்ளே இருந்ததைத் தூக்கிக் காட்டினார். சென்னிமலையின் வெள்ளி அரைஞாண்.

"அது எழுதினவன் சொல்லுங்க. இது என்ற பையன் இடுப்புல கெடந்தது. உசுரிருக்கற ஆம்பளை இதைக் கழட்டுவானா?"

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குக் கட்டுகிற அரைஞாண் சுடுகாட்டில்தான் இடுப்பை விட்டுப் போகும். பழையது இற்றுப்போனால்கூடப் புதியதைக் கட்டிக்கொண்ட பிறகுதான் அதை எடுப்பார்கள். ஒரு நிமிஷம் வெற்று இடுப்பாக இருக்க எவனும் சம்மதிக்க மாட்டான். நானும் மனசுக்குள் சென்னிமலையைப் புதைத்துவிட்டேன்.

"வர்ற ஆடி அமாவாசைக்கு ஆத்தங்கரையில காரியத்தை முடிச்சிரலாம்" என்றார் மாதையன். கல் நெஞ்சக்காரர் அல்ல. மகன் ஆவி கொள்ளி இல்லாமல் அலையக்கூடாது என்ற பயம் அவருக்கு.

அப்போது சுவருக்கு அப்பால் இருந்து கந்தம்மாள் வந்தாள். யாரையும் பார்க்காமல் மாதையன் கையிலிருந்து அரைஞாணை வாங்கினாள். கண்ணி கண்ணியாக விரலால் தடவிக்கொண்டே போய்க் கொக்கியில் நிறுத்தினாள்.

"அறுக்கலீங்களே" என்றாள். "சுடுகாட்டுல அறுத்துத்தானுங்க எடுப்பாங்க. இது முழுசா இருக்குது. திருகைக் கழட்டி எடுத்திருக்காங்க. கொக்கியிடுக்குல பாருங்க, கறுப்புக் கயித்து இழை. புதுக்கயிறு கட்டிக்கிட்டு இதைக் கழட்டிக் குடுத்திருக்காரு."

குமாரசாமி வாங்கி வெயிலில் பிடித்தார். நானும் குனிந்து பார்த்தேன். கறுப்பு இழை இருந்தது.

"அப்ப உசுரோட இருக்கானா?" என்று மாதையன் கேட்டார்.

குமாரசாமி அரைஞாணை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "இருக்கலாமுங்க."

"லாம், லாமுன்னு எத்தனை நாளைக்குங்க நான் உக்காந்திருக்கறது?" என்று கிழவர் குரலை உயர்த்தினார்.

"எங்க ஊட்டுக்காரருக்கு இன்னும் ரெண்டு மாசம் உக்காந்திருந்தாப் போதுமா இருந்துச்சு" என்றாள் கந்தம்மாள். "யாரும் உக்காரலீங்க."

குமாரசாமி தலையைக் குனிந்துகொண்டார். மாதையன் அந்த வெள்ளைச் சேலையை வெகுநேரம் பார்த்தார். பிறகு அரைஞாணை மருமகள் கையில் வைத்துவிட்டு இறங்கி நடந்தார். அந்த ஆடி அமாவாசைக்குக் காரியம் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு சௌந்திரம் திங்கட்கிழமை தோறும் வருவாள். கந்தம்மாளும் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து உட்காரத் தொடங்கினாள். மூன்று பேரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு, எங்கோ இருக்கிற ஒருவனுடைய நாளைக் கட்டுவார்கள். "இன்னேரம் அங்க மழை பெய்யலாம்" என்பார் குமாரசாமி. "மூங்கில் குடிசையில ஒக்காந்திருக்கலாம். கஞ்சி குடிக்கலாம்." கந்தம்மாள் அந்தக் கஞ்சிக்கு ஊறுகாய் வைப்பாள். அவன் மழையில் நனைந்துகொண்டு நிற்கலாம் என்று அவர் சொன்னால் சௌந்திரம் விட மாட்டாள். "காண்டுங்க. தலைல துண்டில்லாம அவரு மழையில நிக்கவே மாட்டாரு." அவர் சொல்லிக்கொடுத்த அந்த நாலு இங்கிலீஷ் சொல்லையும் அவள் சரியான இடத்தில் போடுவாள்.

நான் எரிச்சல்படத்தான் அங்கே நின்றேன். எப்போது பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன் என்று தெரியாது. மணல்மேல் வெயில் அசையும்போது, தண்ணீரும் கானலும் சேருமிடத்தில், துண்டைத் தலையில் கட்டிய ஒருவன் நடந்து வருகிற மாதிரி எனக்கும் தோன்றும். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால் ஒரு மாடு நிற்கும். பார்க்காத ஒரு மனுஷன்மேல் எனக்கு அத்தனை ஆசை வந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

சண்டை முடிந்தது. 1946 தை மாதம் இன்னொரு கடிதம் வந்தது. அதே ஆபீஸ். அன்றைக்குப் பை கனத்தது. மாதையனையும் சௌந்திரத்தையும் கூட்டிக்கொண்டு போனேன்.

குமாரசாமி படித்தார். படித்துவிட்டுக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"மஸ்ட்டுங்களா?" என்று சௌந்திரம் கேட்டாள்.

"இல்ல அம்மிணி."

"மே?"

"இல்ல. பாத்தவங்க சொல்லி எழுதினது."

அவள் உட்கார்ந்துவிட்டாள். அவர் மெதுவாகச் சொன்னார். சென்னிமலைக்குக் காலில் குண்டு பட்டு நடக்க முடியவில்லை. நடக்க முடிந்த கூட்டாளியிடம் அரைஞாணைக் கழற்றி, வீட்டில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். எதிரியிடம் பிடிபட்டு ரங்கூனில் கைதியாக இருந்து, அங்கேயே ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் உயிரோடு திரும்பி வந்து சாட்சி சொல்லியிருக்கிறார். 1944, மாசி மாதம்.

சௌந்திரம் அழவில்லை. கந்தம்மாள் அவள் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மாதையன்தான் மறுபடி மறுபடி கேட்டார், எந்த வருஷத்து மாசி என்று.

"நீங்க நாள் குறிச்ச ஆடிக்கு அடுத்து வந்த மாசியுங்க" என்றார் குமாரசாமி. "அந்த அமாவாசை அன்னைக்கு அவரு உசுரோட இருந்தாரு."

கிழவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். அந்தக் கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. வேட்டியில் துடைத்தார், மறுபடி பார்த்தார்.

"என்ற பையன் கஞ்சி குடிச்சிட்டு இருக்கையில நான் அவனுக்குக் கொள்ளி வெக்கப் பாத்தனே" என்றார்.

சௌந்திரம் எழுந்தாள். கழுத்தில் தாலி இன்னும் இருந்தது. அவர் முன்னால் போய் உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வெக்கலீங்களே மாமா" என்றாள்.