சூடு வைத்த அம்மா

அன்றைக்கு விடியப் பல் விளக்கும்போதே எனக்குச் சிரிப்பாக வந்தது. தங்கச்சி படிக்கிற கெம்பசுக்கு அம்மாவும் நானும் முதன்முதலாகப் போகிறோம். நாலு வருசமாக அவள் சிற்பம் படிக்கிறாள். அம்மாவிடம் யாராவது கேட்டால், "என்னவோ படிக்கிறாள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அன்று பகல் இரண்டு மணிக்கு அவளுடைய இறுதி வேலையைப் பார்த்துப் புள்ளி போட வருகிறார்கள். சறுக்கினால் இன்னொரு வருசம் அங்கேயே கிடக்க வேண்டும். "அக்கா, நீங்க ரெண்டு பேரும் வந்து சும்மா நிண்டாக் காணும்" என்று போனில் சொல்லியிருந்தாள். எங்கள் குடும்பத்தில் யாருக்குமே சும்மா நிற்க வராது. அவள் அதை யோசித்திருக்க வேண்டும்.

மண்டூர்த் துறையில் முதல் பாதைப் படகில் ஏறி வாவியைக் கடந்தோம். அம்மா கல்யாண வீட்டுச் சேலையோடு, மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவில் ராணி மாதிரி நின்றார். களுவாஞ்சிக்குடியில் ஒரு பஸ், மட்டக்களப்பில் இறங்கி இன்னொரு பஸ். கச்சான் காற்று அனலாக முகத்தில் அடித்தது. எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. யன்னலோரம் கிடைத்த சந்தோசத்தில் போகிற வழியெல்லாம் கதைத்துக்கொண்டே போனேன். அம்மா இரண்டு தரம் என் தொடையில் கிள்ளினார்.

கெம்பஸ் ஊரே ஒரு தினுசு. எங்கே பார்த்தாலும் போட்டோக்கொப்பிக் கடை, குளிர்பானக் கடை, கையில் சுருட்டிய தாளோடு நடக்கிற பிள்ளைகள். சிற்பத் தோட்டம் பின்பக்கம், வேப்ப மரங்களுக்குக் கீழே. உள்ளே கால் வைத்ததும் நான் கட்டவிழ்த்த கன்றுக்குட்டி ஆகிவிட்டேன். சைக்கிள் செயினில் ஒரு பெரிய மீன். மண்ணுக்குள் பாதி புதைந்த சீமெந்துப் பெண். ஆணியாலேயே செய்த கதிரை ஒன்று. அதில் இருக்கப் போய்த் தங்கச்சியிடம் ஏச்சு வாங்கினேன்.

அவளுடைய வேலை கடைசியில் நின்றது. கதிரோடு அறுத்த நெற்கட்டுகளை வட்டமாக, இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தாள். பக்கத்தில் ஒரு அட்டை. அதில் "சூடு" என்று எழுதி, கீழே அவளுடைய பெயர். ஏதோ படங்கள் பிரிண்ட் எடுக்க வேண்டுமென்று அவள் சந்திக்கு ஓடினாள். அம்மாவை நிழலில் இருத்திவிட்டு நான் மீனோடு செல்பி எடுக்கப் போனேன். அது என் பிழை.

திரும்பி வந்தபோது அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அரைவாசிச் சூட்டைப் பிரித்து மறுபடி அடுக்கிவிட்டிருந்தார்.

"என்னம்மா செய்றீங்க?"

"கதிர வெளிய வச்சிச் சூடு வைக்கிறதா? அடி வெளிய, கதிர் உள்ளுக்கு. மழைக்கு நனையும், குருவி திண்டுரும். வயல்காரன்ட புள்ளைக்கு இது தெரியாதா?"

பின்னால் தங்கச்சி வந்து நின்றாள். கையிலிருந்த படங்கள் எல்லாவற்றிலும் குருவிகள்.

"அம்மா, குருவி தின்னத்தான் கதிர வெளிய விட்டன். நாளுக்கு நாள் அது குறையணும். அதுதான் என்ட வேலை."

"குருவிக்கு ஆரு சூடு வைக்கிற?"

மணி இரண்டுக்கு ஐந்து நிமிசம். அம்மாவுக்கு விசயம் விளங்கிவிட்டது. குனிந்து, தான் அடுக்கிய கட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பத் தொடங்கினார்.

தங்கச்சி அம்மாவின் கையைப் பிடித்தாள். "விடுங்கம்மா. இப்பிடியே இரிக்கட்டும்."

மூன்று பேர் வந்தார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த மிஸ் அட்டையை வாசித்துவிட்டு, "சூடு என்றால் வெப்பம்தானே?" என்றார். தங்கச்சி வாய் திறக்குமுன் அம்மா தொடங்கிவிட்டார். அறுத்த நெல்லை அடிக்குமட்டும் இப்படித்தான் குவித்து வைக்கிறது, அதற்குப் பெயர்தான் சூடு, இந்தப் பக்கம் நான் வைத்தது, அந்தப் பக்கம் இவள் குருவிக்கு வைத்தது. கையைக் காலை ஆட்டி ஒரு பத்து நிமிசம். மிஸ் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. நல்லதா கெட்டதா என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"இதைச் சரி செய்யப் போறீங்களா?" என்று மிஸ் தங்கச்சியிடம் கேட்டார்.

"இல்ல மிஸ். இப்பதான் முடிஞ்சிரிக்கு."

"அட்டையில ஒரு பெயர்தானே இருக்கு?"

தங்கச்சி என்னிடம் பேனா வாங்கிக்கொண்டு அட்டைக்குக் குனிந்தாள். அம்மா அவள் தோளைத் தொட்டார்.

"பெயிலாகினா என்ட பேரும் சேந்துதானே பெயிலாகும்?"

"ஓம் அம்மா."

"அப்ப எழுது."