யாருடைய தொழிலாளி

கோர்ட்டின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. பயம் ஒன்றும் இல்லை. பெயர் சொல்லிக் கௌரவப்படுத்துகிற அளவுக்கு அவர்கள் எதையும் கிழித்துவிடவில்லை, அவ்வளவுதான்.

நான் சத்துவாச்சாரியில் ஒரு பள்ளியில் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அக்கா ஆம்பூரில் இருக்கிறாள். ஷூ தைப்பவள். முழு ஷூ இல்லை, மேல்பாகம் மட்டும். அதை அப்பர் என்போம். கம்பெனியில் வெட்டி ஓரத்தில் துளை போட்ட தோல் துண்டுகளை ஏஜென்ட் ஒருவர் மொபட்டில் மூட்டையாகக் கொண்டுவந்து, தெருவில் வீடு வீடாகப் போட்டுவிட்டுப் போவார். பெண்கள் மெழுகு நூலால் கையால் தைத்துக் கொடுக்க வேண்டும். தைத்தது மறுபடி கம்பெனிக்குப் போய், அடிப்பாகம் ஒட்டி, பாலிஷ் ஏறி, கப்பல் ஏறும். பெட்டியின்மேல் கையால் தைத்தது என்று பெருமையாக அச்சடிப்பார்கள். யார் கை என்று மட்டும் போட மாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் கம்பெனிக்குள் போய்ச் செய்தால் அது கம்பெனி வேலை. மூட்டையை வாங்கி வீட்டில் உட்கார்ந்து தைத்தால் அது வீட்டு வேலை. பெண் பார்க்க வருகிறவர்கள் பொண்ணு என்ன பண்ணுது என்று கேட்டால், வீட்டு வேலை பண்ணுது என்று அம்மாக்காரி தலையை நிமிர்த்திச் சொல்வாள். கேட்பவர்களும் அப்படியா என்று சந்தோஷமாகத் தலையாட்டுவார்கள், தைக்கத் தெரிந்த பெண் என்று. சமைப்பது, துவைப்பது, கூட்டுவதற்கெல்லாம் எங்கள் ஊரில் பெயரே கிடையாது. அதை யாரும் வேலை என்று நினைத்ததும் கிடையாது.

ஒரு மத்தியானம் தடித்த தோலில் ஊசியை இழுக்கும்போது ஊசி உடைந்து அக்காவின் வலது கண்ணில் ஏறியது. ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தார்கள். கண் போய்விட்டது.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். நான் உங்கள் தொழிலாளி என்று கம்பெனி ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டால் தொழிலாளர் காப்பீட்டில் அவளுக்கு ஆயுள் முழுக்க ஊனத்துக்கான உதவி வரும். கம்பெனி கையை விட்டு ஒன்றும் போகப்போவதில்லை. அவளை அழைத்துக்கொண்டு நான்தான் போனேன். மேனேஜர் என்று ஒருவர் வெளியே வந்தார். கட்டுப் போட்ட முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எங்க சம்பள ரோல்லயே இல்லியேம்மா நீங்க. ஏஜென்ட்ட போய்க் கேளுங்க."

ஏஜென்ட்டிடம் போனோம். "நான் இன்னாக்கா பண்ணுவேன்? நானே கம்பெனிய நம்பி மொபட்ல ஓடிக்கினு இருக்கேன்" என்றார். இத்தனை வருஷம் தையல் ஒரு இழை கோணினாலும் கம்பெனி திருப்பி அனுப்புது, கம்பெனி திட்டுது என்று வாசலில் நின்று கத்தியவர்தான் இவர். திட்டுவதற்கு இருந்த கம்பெனி, ஒத்துக்கொள்ள மட்டும் இல்லாமல் போய்விட்டது.

சங்கத் தலைவர் ஒருவர் வந்தார். அக்காவின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். கட்டு நன்றாகத் தெரிகிற பக்கமாகத் திரும்பி நிற்கச் சொன்னார். அவர் கொடுத்த வக்கீல்தான் கம்பெனிமேல் எங்களுக்காகக் கேஸ் போட்டார். அந்த வக்கீலுக்குக் கையில் இரண்டு போன். ஒன்றில் பேசும்போது இன்னொன்றில் டைப் பண்ணுவார். எங்களிடம் பேசியது இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில்தான்.

சாட்சி சொல்லும் நாள் வந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அக்கா ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி வருவாள், நான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அவளுடன் போவேன். அன்றைக்கு அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கம்பெனி வக்கீல் குரலில் தேன் தடவிக்கொண்டு எழுந்தார்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்கம்மா?"

"வூட்டு வேலை சார்."

"கம்பெனி வேலை இல்லையா?"

"இல்ல சார். வூட்டு வேலைதான். கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து பண்றேன்."

அவள் பெருமையோடுதான் சொன்னாள். அத்தனை வருஷத் தையல் அந்த வார்த்தையில் இருந்தது. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த நீதிபதி அதை இங்கிலீஷில் டைப்பிஸ்ட்டுக்குச் சொன்னார். மனுதாரர் வீட்டில் சமையல், துப்புரவு முதலான குடும்பக் காரியங்களைச் செய்பவர் என்ற அர்த்தம் வரும் இங்கிலீஷ். எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும். டைப்பிஸ்ட் எங்கள் ஊர்க்காரர், அவருக்கும் தெரியும். அவர் வாயைத் திறக்காமல் அடித்தார். கம்பெனி வக்கீல் சொந்த ஊரே ஆம்பூர்தான். அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு ஓடியதை நான் பார்த்தேன். இந்த வார்த்தைக்காகத்தான் அந்த மனிதர் அந்தக் கேள்வியையே கேட்டிருக்கிறார். அவர் வீட்டுப் பின்தெருவில் போய்க் கேட்டாலும் நாலு பேர் வீட்டு வேலை என்று அப்பரைத்தான் காட்டியிருப்பார்கள்.

நான் எழுந்து நின்றேன். டவாலி என்னைப் பார்த்து உஸ் என்றார். எங்கள் வக்கீல் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் அவரைப் பிடித்துச் சொன்னேன்.

"சார், அவங்க தப்பா எழுதிட்டாங்க. எங்க ஊர்ல வீட்டு வேலைன்னா தைக்கிறதுதான்."

"அதெல்லாம் பெருசா எடுத்துக்க மாட்டாங்கம்மா. ஆர்க்யுமென்ட்ல பாத்துக்கலாம்" என்று அவர் அடுத்த கோர்ட்டுக்கு ஓடினார். ஆர்க்யுமென்ட் அன்று அவர் வரவேயில்லை. அவருடைய ஜூனியர் வந்து, பாவம், அவசரமாகப் படித்துக்கொண்டே பேசினார்.

தீர்ப்பில் அதுதான் முதல் காரணமாக வந்தது. தான் குடும்பக் காரியம் பார்ப்பவள், கம்பெனி வேலை செய்பவள் அல்ல என்று மனுதாரரே ஒத்துக்கொண்டுவிட்டாராம். மனு தள்ளுபடி. படித்துக் காட்டியபோது அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "நான் சரியாதானே சொன்னேன்?" என்றாள். அவள் சரியாகத்தான் சொன்னாள். இத்தனை படித்தவர்கள் உட்கார்ந்திருந்த அறையில் தமிழ் பேசியவள் அவள் ஒருத்திதான்.

நான் விடவில்லை. சென்னையில் ஒரு பெண் வக்கீலைப் பிடித்தேன். அவருக்கு ஒரு போன்தான். அதையும் பைக்குள் வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். மேல்முறையீட்டில் அவர் முதலில் எடுத்து வைத்ததே அந்த வார்த்தையைத்தான். யாரையும் பாராட்டுகிற மனநிலையில் நான் இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். அங்கே இருந்த நீதிபதி, அந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். இதைக் கேட்க ஒருவர் கிடைப்பதற்கு நாங்கள் சென்னைவரை போக வேண்டியிருந்தது. சில பக்கத் தீர்ப்பு. தோல் கம்பெனியுடையது, அளவு கம்பெனியுடையது, சரியில்லை என்று தள்ளுகிற அதிகாரமும் கம்பெனியுடையது, ஆகவே தன் வீட்டில் உட்கார்ந்து தைக்கிற பெண்ணும் தொழிலாளிதான் என்று சொன்னது. அன்று நான் கோர்ட் வாசலில் நின்று அழுதேன்.

கடைசிப் பத்தியை அப்போது நான் சரியாகப் படிக்கவில்லை. தொழிலாளி என்பது முடிவாகிவிட்டது, யாருடைய தொழிலாளி என்பதைக் கீழ்க்கோர்ட்டே விசாரித்துச் சொல்லட்டும் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். கம்பெனி, ஏஜென்ட்டுடைய தொழிலாளி என்றது. ஏஜென்ட் ஊரைவிட்டே போய்விட்டார், நோட்டீஸ் திரும்பி வந்தது. வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது. ஒரு பெண் தொழிலாளியாம், ஆனால் யாருக்கும் தொழிலாளி இல்லையாம். இதைப் பிள்ளைகள் பரீட்சையில் எழுதினால் நான் முட்டை போடுவேன்.

எந்தப் பேப்பரிலும் ஒரு வரி வரவில்லை. சட்டப் பத்திரிகையில் மட்டும் வந்தது. ஒருநாள் அந்தப் பெண் வக்கீல் போன் செய்து, வேறு ஜில்லாவில் ஊதுவத்தி உருட்டுகிற பெண்கள் இந்தத் தீர்ப்பைக் காட்டி ஜெயித்துவிட்டார்கள் என்றார். அவர்களுக்காவது கிடைத்ததே என்று அக்கா சந்தோஷப்பட்டாள். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. ஒரு கருத்தரங்குக்கும் அக்காவைக் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் உட்காரவைத்து, புரட்சிகரமான தீர்ப்பு என்று ஆளாளுக்கு மைக்கைப் பிடித்துத் தொங்கினார்கள். அவளை ஒரு வார்த்தை பேசச் சொல்லவில்லை. சால்வை போர்த்தினார்கள். இப்போது வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் ஒரு ஜீவன்கூடக் கேட்கவில்லை.

தீர்ப்பை ஒழுங்காகப் படித்தவர்கள் கம்பெனிக்காரர்கள்தான். புது ஏஜென்ட் வந்தான். மூட்டையோடு ஒரு காகிதமும் கொண்டுவந்தான். நான் சொந்தத் தொழில் செய்கிறேன், எனக்கும் கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லை என்று ஒவ்வொரு பெண்ணும் கையெழுத்துப் போட்டால்தான் தோல். நேற்றுவரை வீட்டு வேலை செய்தவர்கள் ஒரே நாளில் தெரு முழுக்க முதலாளிகளாகிவிட்டார்கள். அக்கா வீட்டு வாசலில் மட்டும் அவன் மொபட்டை நிறுத்தவேயில்லை.

"கேஸ் போட்டு இன்னாக்கா கண்ட? எங்களுக்குந்தான் பேஜாராப் பூடுச்சி" என்று தெருவில் சிலர் முகத்துக்கு நேரே கேட்டார்கள்.

போன மாதம் நான் ஆம்பூருக்குப் போனபோது அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, அப்பரை இடது கண்ணுக்கு அருகில் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து வீட்டு உருதுக்காரப் பெண் தன் பெயரில் கையெழுத்துப் போட்டு ஜாஸ்தியாக மூட்டை வாங்கி, பாதியைப் பின்பக்க வழியாக இவளுக்குத் தருகிறாளாம். தைத்ததை அவளே தன் பெயரில் திருப்பிக் கொடுக்கிறாளாம்.

அன்று சாயந்திரம் ஏஜென்ட் பக்கத்து வீட்டு வாசலில் நின்று அப்பரை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டே பேசுவது எங்களுக்குக் கேட்டது.

"இந்த ஜோடிங்க சூப்பரா கீதும்மா. தையல்னா இப்டி இருக்கணும். உங்க கைக்கு இந்தத் தெருவுலயே ஆள் இல்ல."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "உன் கை தைச்சதுக்கா. தொழிலாளின்னு சென்னைல போய்த் தீர்ப்பு வாங்கினவ நீ. வெளிய வந்து சொல்லு. நீ சொல்லலன்னா நான் போய்ச் சொல்றேன்" என்று சொல்லச் சொல்லக் குரல் ஏற, வாசலுக்கு எழுந்தேன்.

அக்கா ஊசியைப் போட்டுவிட்டு எழுந்து வந்து, மெழுகு பிசுபிசுத்த கையால் என் வாயைப் பொத்தினாள்.

"கத்தாத. அவன் காதுல வுழுந்தா, அந்தப் பொண்ணுக்கும் வேலை பூடும்."